பை பார்த்துக்கொள்கிறவள்

இன்றைக்கு ஒரு பாட்டாவது ஆடாமல் கீழே இறங்கமாட்டேன், இறங்கினால் இனி இந்தப் படியை ஏறமாட்டேன், இரண்டில் ஒன்று. இதை சிங்காநல்லூரில் பஸ் ஏறும்போதே முடிவு செய்தாயிற்று. காந்திபுரத்தில் இறங்கி நடக்கும்போது இன்னொரு தடவை முடிவு செய்தேன். இப்போது மூன்றாவது மாடியில், சுவரோரம் போட்டிருக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்றாவது தடவையாக முடிவு செய்துகொண்டிருக்கிறேன். ஒரு முடிவை மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தால் அதற்குப் பெயர் முடிவு இல்லை, வேண்டுதல். மணி ஐந்து பத்து. ஏழு மணிக்கு டாக்டர் நந்தகோபால் பாட்டை நிறுத்திவிடுவார். பல் டாக்டர். வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்த ஹாலை வாடகைக்கு எடுத்து சால்சா சொல்லிக்கொடுக்கிறார். நாலிலிருந்து ஐந்து வரை வகுப்பு, அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் யார் வேண்டுமானாலும் யாரையும் கூப்பிட்டு ஜோடியாக ஆடலாம். கூப்பிட்டு. அந்த ஒரு வார்த்தையில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஜோடியில் ஒருவர் லீட், இன்னொருவர் ஃபாலோ. எங்கே திரும்புவது, எப்போது சுற்றிவிடுவது என்று ஒரு நொடி முன்னால் யோசித்துக் கையாலேயே சொல்கிறவர் லீட். அதைக் கையாலேயே கேட்டுக்கொண்டு ஆடுகிறவர் ஃபாலோ. இந்த ஹாலில் லீட் எல்லோரும் ஆண்கள், ஃபாலோ எல்லோரும் பெண்கள். நான் லீட். நாலு வருஷமாக லீட். அதை இங்கே இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. பம்ப் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் ஜெசிந்தா என்று சொன்னேன், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறேன் என்று சொன்னேன், வயது நாற்பத்தொன்று என்றுகூடச் சொன்னேன், யாரும் கேட்காமலே. சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சொல்லிவிட்டேன்.

உயரம் சொல்ல வேண்டியதில்லை, அது எனக்கு முன்னாலேயே கதவைத் தாண்டி வந்துவிடும். ஐந்தடி ஒன்பது அங்குலம். பள்ளிக்கூட போட்டோக்களில் கடைசி வரிசை, கோயில் பாடகர் குழுவில் கடைசி வரிசை, பஸ்ஸில் மட்டும் எல்லோருக்கும் முன்னால் என் தலை தெரியும். பெரம்பூர் வீட்டில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அம்மா ஒரு ஏற்பாடு வைத்திருந்தாள், அவர்கள் உள்ளே வரும்போது நான் ஏற்கெனவே உட்கார்ந்திருக்க வேண்டும். காப்பியை அம்மாவே எடுத்துவருவாள், பெண்ணுக்கு முட்டியில் லேசாக வலி என்பாள். நாலு வரன்களுக்கு என் முட்டி வலித்தது. ஐந்தாவதாக வந்த பையனின் அக்கா கெட்டிக்காரி, போகும்போது கைகொடுத்து என்னை எழுப்பிவிட்டாள், எழுந்தேன், எழுந்துகொண்டே இருந்தேன், அவள் முகம் கீழே போய்க்கொண்டே இருந்தது. "செருப்பு போட்ருக்கியாம்மா?" என்று கேட்டாள். போடவில்லை. அம்மாவுக்கு அன்றைக்கு வந்த கோபம் அந்தக் குடும்பத்தின் மேல் இல்லை. "கொஞ்சம் குனிஞ்சி நிக்கக் கூடாதாடி" என்றாள், அதற்கப்புறம் நான் குனிந்துதான் நின்றேன், யாரும் வராத நாளிலும் குனிந்தேன், ஆபீஸில், சர்ச்சில், கண்ணாடி முன்னால், முப்பத்தேழு வயது வரை. முதுகு அதையே தன் வடிவமாக எடுத்துக்கொண்டது. பிறகு ஒரு நாள் கம்பெனியில் கூட வேலை செய்கிற பெண் தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு கீழ்ப்பாக்கத்தில் ஒரு வகுப்புக்குப் போனாள். அங்கே ஆண்கள் நாலு பேர், பெண்கள் ஒன்பது பேர். ரோஷன் மாஸ்டர் எண்ணிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், என்னைப் பார்த்தார். "நீங்க நல்ல உயரமா இருக்கீங்க, இந்தப் பக்கம் வந்துடுங்க" என்றார். நல்ல உயரம். உயரத்துக்கு முன்னால் அந்த வார்த்தையை யாரும் அதுவரை போட்டதில்லை. போனேன். முதுகை நிமிர்த்துங்க என்றார். நிமிர்த்தினேன், எலும்பு சொடக்கென்றது, பக்கத்தில் இருந்தவருக்கே கேட்டிருக்கும். கூட வந்த பெண் மூன்றாவது வாரம் நின்றுவிட்டாள். நான் நாலு வருஷம் போனேன். ஆடுகிற மூன்றரை நிமிஷம் மட்டும் நான் எவ்வளவு இடம் அடைக்கிறேன் என்ற கணக்கு மண்டைக்குள் ஓடாது. அதற்காகத்தான் போனேன், வேறு எதற்கும் இல்லை, உடம்பு இளைக்க என்று ஆபீஸில் சொன்னது பொய்.

அப்படிப்பட்டவள் இங்கே வந்த முதல் ஞாயிறு என்ன செய்தாள்? டாக்டர் கையைத் தட்டி, "லேடீஸ் எல்லாம் இந்தப் பக்கம் வந்துருங்க" என்றார், லேடீஸ் பக்கம் போய் நின்றாள். அவ்வளவுதான். அவர் மேல் தப்பே இல்லை, எல்லா வாரமும் சொல்வதைச் சொன்னார். எனக்குத்தான் வாய் இருந்தது. டாக்டர், நான் லீட் என்று மூன்றே வார்த்தை. அதைச் சொல்வதற்குள் எல்லோரும் வரிசையில் நின்றுவிட்டார்கள், வரிசையைக் கலைக்கிற துணிச்சல் எனக்கு வரவில்லை, கால் தானாக நடந்து கடைசியில் போய் நின்றது, பள்ளிக்கூட போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. அப்புறம் நடந்தது அசிங்கம். முதல் தாளத்துக்கு லீட் இடது காலை முன்னால் வைக்க வேண்டும், ஃபாலோ வலது காலைப் பின்னால். என் கால் நாலு வருஷப் பழக்கத்தில் முன்னால் போய் ஒரு கல்லூரிப் பையனின் கட்டைவிரலை மிதித்தது. அடுத்த பையனை அவனுக்கே தெரியாமல் நான் சுற்றிவிட்டேன், அவனும் சுற்றினான், பாவம். கடைசியில் டாக்டரே என்னோடு ஆடிப் பார்த்தார், பாதியில் நின்று, "மேடம், நீங்க என்னையத் தள்ளிட்டுப் போறீங்களே" என்று சிரித்தார். நல்ல சிரிப்புதான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே குனிந்துகொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நாற்காலிக்கு வந்தேன். இங்கே ஒரு வழக்கம் உண்டு, உட்கார்ந்திருக்கிறவர்தான் ஆடுகிறவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், எப்போதோ ஒருவருடைய போன் காணாமல் போனதிலிருந்து அப்படியாம். மற்றவர்கள் ஒரு பாட்டுக்குப் பார்ப்பார்கள், அடுத்த பாட்டுக்கு எழுந்துபோவார்கள். நான் எழுந்துபோகவில்லை. போன ஞாயிறு வகுப்புக்கே வராமல் ஐந்து மணிக்கு மேல் வந்தேன், வந்து உட்கார்ந்ததும் மடியில் இரண்டு பை, காலடியில் மூன்று, ஒரு ஹெல்மெட். யாரோ ஒரு பெண் இன்னொருத்தியிடம், "அந்த உசரமான அக்காகிட்டக் குடுத்துரு, அவங்க எப்பவும் இருப்பாங்க" என்றாள். எப்பவும் இருப்பாங்க. அன்பாகத்தான் சொன்னாள். ஒரு ஊரில் மனுஷிக்கு வேலை இப்படித்தான் அமைந்துவிடுகிறது, யாரும் திட்டம் போட்டுக் கொடுப்பதில்லை, இரண்டு வாரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் போதும். இன்னும் ஒரு வாரம் போனால் நான் பை பார்த்துக்கொள்கிறவள் என்று நிலைத்துவிடும், அதற்கப்புறம் எழுந்து ஆடினால்தான் எல்லோருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

அதனால் இன்றைக்கு, இந்தப் பாட்டு முடிந்ததும். சரி, அடுத்தது முடிந்ததும். யாரைக் கூப்பிடுவது என்பதை முதலில் பார்த்துவிடலாம், இன்ஸ்பெக்ஷன் என் தொழில். அந்த மூன்று கல்லூரிப் பெண்கள் வேண்டாம், சிரித்துவிடுவார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை, அந்த வயதில் எதற்கும் சிரிப்பு வரும், ஆனால் எனக்கு இன்றைக்கு அதைத் தாங்கத் தெம்பு இல்லை. டாக்டரின் மனைவி டாக்டரோடு மட்டும் ஆடுகிறாள். பச்சை சுடிதார் போட்டவள் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அப்புறம் சாந்தாமணி. இவளைத்தான் போன வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன், பைகளைப் பார்த்துக்கொண்டே. என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடக் குறைய. பீளமேட்டில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாளாம், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே பழகியவள். ஆடும்போது அது தெரிகிறது, லீட் என்ன செய்தாலும் பதறமாட்டாள், தப்பாகக் கொண்டுபோனால் லேசாக நின்று, நீயே சரிசெய்துகொள் என்று காத்திருப்பாள். இப்படி ஒரு ஃபாலோவோடு ஆடி நாலு மாதம் ஆகிறது. என் கை அதை நினைத்துக்கொள்கிறது, நான் நினைப்பதற்கு முன்னால் கை நினைக்கிறது. ஆனால் ஒரு பொம்பளை வந்து கூப்பிட்டால் என்ன நினைப்பாள்? சென்னையில் வகுப்பே அப்படித்தான் நடந்தது, யாரும் எதுவும் நினைக்கவில்லை. இங்கே நான் யார் என்றே தெரியாது. ஒரு மாதிரி என்று நினைத்துவிட்டால்? நினைத்தால் நினைக்கட்டும். இல்லை, நினைக்கட்டும் என்று சொல்வது சுலபம், அடுத்த வாரம் வரும்போது எல்லோர் கண்ணும் என் மேலே இருக்கும். அடுத்த வாரம் என்று ஒன்று இருந்தால்தானே. நாள் முழுக்க பம்ப்புக்குள் போகிற ஷாஃப்ட்டையும் இம்பெல்லரையும் அளந்து, நூலளவு கூடினாலும் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைக்கச் சொல்கிறவள் நான், ஒருத்தி எனக்கு ஒரு சிவப்பு அட்டை கட்டினால் செத்தா போய்விடுவேன்? பாட்டு முடிகிறது. சாந்தாமணி கூட ஆடினவருக்குத் தலையாட்டிவிட்டு எதிர்ச் சுவரோரம் தன் பை இருக்கிற இடத்துக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிறாள். இப்போது. எழுந்தாயிற்று. ஹாலின் அகலம் முப்பதடி இருக்கும், நடுவில் யாரும் இல்லை, ஃபேன் காற்று, என் ஷூ சத்தம் எனக்கே கேட்கிறது, குனியாதே, குனியாதே, கூப்பிடப் போகிறவள் குனிந்துகொண்டா போவாள், இருபதடி, பத்தடி, அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், சிரிக்கிறாள். லீட் இடது கையைத்தான் நீட்ட வேண்டும், உள்ளங்கை மேலே பார்க்க. நீட்டினேன். வாய் திறக்கவில்லை, நீட்டின கையே சொல்லிவிடும் என்று நம்பினேன். சாந்தாமணி ரொம்ப நன்றியோடு தன் கைப்பையை எடுத்து அந்தக் கையில் மாட்டினாள். "தேடி வந்து வாங்கறீங்க பாருங்க, நல்ல மனசுங்க உங்களுக்கு. இந்த ஒரு பாட்டு ஆடிட்டு ஓடியாந்தர்றேன்." யாரோ ஒரு பனியன் கம்பெனிக்காரர் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் பையோடு நாற்காலிக்குத் திரும்பி வந்தேன். அதே முப்பதடி. ஊதா நிறப் பை, ஒரு பக்கம் ஜிப் போயிருக்கிறது, உள்ளே காரின் சாவி தெரிகிறது, ஒரு மாத்திரை அட்டை, எல்-போர்டு ஒன்று மடங்கி எட்டிப் பார்க்கிறது. பார்க்கக் கூடாது, ஆனால் பார்த்துக்கொள்ளத்தானே கொடுத்தாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது, நாற்பத்தொரு வயதில் அடுத்தவள் பையைக் கட்டிக்கொண்டு அழுதால் பை பார்த்துக்கொள்கிற வேலைகூடப் போய்விடும். அவமானம் என்று சொல்லலாமா? அவள் ஒன்றுமே செய்யவில்லையே. அதுதான் வலிக்கிறது, வேண்டுமென்று செய்திருந்தால் கோபப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போ என்று உள்ளே ஒன்று சொல்கிறது, ரொம்ப நியாயமான குரலில் சொல்கிறது, அம்மாவின் குரலும் இல்லை அது, என் குரல்தான். முயற்சி செய்துவிட்டாய், ஊர் ஒத்துவரவில்லை, சிங்காநல்லூரில் ஆறரை மணிக்கு ஆங்கில ஆராதனை இருக்கிறது, அங்கே கடைசி வரிசையில் இடம் இருக்கும். ஆனால் எப்படிப் போவது? மடியில் ஒருத்தியின் பை. இதை யாரிடம் கொடுப்பது, எல்லோரும் ஆடுகிறார்கள், உட்கார்ந்திருப்பது நான் ஒருத்திதான். இவ்வளவு நேரம் நான் ஓடிப்போகாமல் இருப்பது தைரியத்தினால் இல்லை, ஒரு ஜிப் போன பையினால். அதுவும் சரிதான், எதனாலோ இருக்கிறேன். ஒன்று இரண்டு மூன்று, நாலில் நிற்க வேண்டும், ஐந்து ஆறு ஏழு, எட்டில் நிற்க வேண்டும். கால் நாற்காலிக்கு அடியில் தாளம் போடுகிறது, அதற்கு என் சோகம் எதுவும் தெரியாது. பனியன் கம்பெனிக்காரர் நாலில் நிற்பதில்லை, அந்த இடத்திலும் ஒரு அடி வைத்து சாந்தாமணியை அவசரப்படுத்துகிறார். நான் அப்படிச் செய்யமாட்டேன். நான் நல்ல லீட். இதை இங்கே யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை, நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். கிண்டலாகச் சொல்லவில்லை, நான் நல்ல லீட், ரோஷன் மாஸ்டர் வகுப்பில் புதிதாக வருகிற பெண்களைப் பயம் தெளிய என்னிடம்தான் முதலில் அனுப்புவார். அதை மறைத்து வைத்துக்கொண்டு இவர்களுக்குத் தெரியவில்லையே என்று மூக்கைச் சிந்தினால் யார் என்ன செய்வார்கள்? டாக்டர் என்ன ஜோசியரா? சாந்தாமணி என்ன கையைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவளா? கை சொல்லும் என்று நினைத்ததுதான் தப்பு. ஆட்டத்தில் கை சொல்லும், ஆட்டத்துக்கு முன்னால் வாய்தான் சொல்ல வேண்டும். அவள் பைக்காக வரத்தான் போகிறாள். வரும்போது நான் உட்கார்ந்திருக்கக் கூடாது. எழுந்து நின்றேன். யாரும் எழுப்பிவிடவில்லை.

பாட்டு முடிந்து வந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை. "ரொம்ப தேங்க்ஸுங்க" என்று பைக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே வைத்துக்கொண்டு, "நான் பை வாங்க வரலைங்க. உங்களை ஆடக் கூப்பிட வந்தேன்" என்றேன். குரல் எனக்கே முரடாகக் கேட்டது, கம்பெனியில் ரிஜெக்ட் என்று சொல்கிற குரல். சாந்தாமணி என் கையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், அவளுக்கு மெதுவாகப் புரிவது முகத்தில் தெரிந்தது, காது மடல் சிவந்துவிட்டது. "அட கடவுளே, அப்பவே அதுக்குத்தான் வந்தீங்களா? நான் பாட்டுக்குப் பையை மாட்டிவுட்டுட்டுப் போயிட்டனே." "நான் சொல்லலையே." "நீங்க லீடா?" "ஆமா. சென்னையில நாலு வருஷமா." "அப்புறம் எதுக்குங்க அன்னைக்கு எங்க பக்கம் வந்து நின்னீங்க? டாக்டரத் தள்ளிட்டுப் போனீங்க." பதில் சொன்னால் பள்ளிக்கூட போட்டோவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "வாய் வரலைங்க" என்றேன். அவள் அதை ஏற்றுக்கொண்டாள் என்றுதான் தோன்றியது, வண்டி ஓட்ட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளிடம் இப்படித்தான் சொல்வார்களாக இருக்கும். சுற்றுமுற்றும் பார்த்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கிறாளோ, இதோ வரப்போகிறது, கால் வலிக்குதுங்க, அடுத்த வாரம் பாக்கலாங்க. அவள் தேடியது பை வைக்க ஆளை. பச்சை சுடிதார்க்காரி இப்போதுதான் ஆடிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள், அவள் மடியில் பையைப் போட்டாள். "கொஞ்சம் பாத்துக்க கண்ணு." பிறகு என் கையில் கையை வைத்தாள்.

பாட்டு ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. நடுவில் போய் நின்றோம், அவள் தலை என் காதளவு, என் வலது கை அவள் தோள்பட்டையில், ஜாக்கெட் ஈரம். பார்க்கிறார்கள், கல்லூரிப் பெண்கள் பார்க்கிறார்கள், டாக்டர் பாட்டு மாற்றுகிற மேஜையிலிருந்து பார்க்கிறார், பார்க்கட்டும், தாளம் எங்கே, தாளத்தைக் கேள், இதில் மேளம் அதிகம், ஒன்று எது, இதுவா, இல்லை, அது ஐந்து. ஐந்தில் ஆரம்பித்துவிட்டேன். நாலு வருஷம் ஆடிவிட்டு முதல் அடியே தப்பு. சாந்தாமணி லேசாக நின்றாள், பதறவில்லை, காத்திருந்தாள். நானும் நின்றேன், எட்டு வரை விட்டு மறுபடி ஒன்றில் இடது காலை முன்னால் வைத்தேன், அவள் பின்னால் போனாள், கதவு திறக்கிற மாதிரி சுலபமாகப் போனாள். இரண்டு, மூன்று, நாலில் நின்றேன், அவளும் நின்றாள், அந்த நிற்கிற இடத்தில் அவள் மூச்சு விடுவது எனக்குத் தெரிந்தது. ஐந்து ஆறு ஏழு. முதுகு நிமிர்ந்திருக்கிறதா? இருக்கிறது. ஒரு தடவை சுற்றிவிடலாமா, சீக்கிரமோ, வேண்டாம், விடலாம், கையை உயர்த்தினேன், என் கைக்கு அடியில் தாராளமாக இடம் இருந்தது, அவள் தலையைக்கூடக் குனியாமல் சுற்றி வந்தாள், வந்து, "மத்தவங்க கைக்கடில குனிஞ்சு குனிஞ்சு கழுத்து வலியே வந்துருச்சுங்க எனக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, இங்கே வந்து நான் முதல் தடவையாக நிஜமாகச் சிரிக்கிறேன், நெஞ்சு நிறைந்து ஒரு சந்தோஷம் வருகிறது, கூடவே பயமும் வருகிறது, இது முடிந்துவிடும், முடிந்ததும் மறுபடி நாற்காலி, இப்போது விட்டால் போய்விடும், விடாதே, இதை விடாதே. சாந்தாமணி ஆடிக்கொண்டே என் இடது கையைப் பார்த்தாள். அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. "இத்தனை இறுக்கிப் பிடிக்காதீங்க" என்றாள், யாருக்கும் கேட்காதபடி. "நான் எங்கயும் போயிர மாட்டேனுங்க." என் கட்டைவிரல் அவள் கையை அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்தேன். அவள் கை என் உள்ளங்கையிலேயே இருந்தது. பாட்டில் இன்னும் பாதி இருந்தது.